பணித்தளப் பயணம் போகிறீர்களா? ஏழைகள் நடுவில் கொடுக்கவும் வாங்கவும் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு வருஷமும் ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்த கையோடு ஏதாவது ஒரு சபையின் வாலிபர் சங்கத்திலிருந்து எனக்கு போன் வந்துவிடும். "அண்ணே, ஜனவரியில பணித்தளம் போகப் போறோம், என்னென்ன கொண்டு போகணும்?" பணித்தளம் என்றால் மிஷனரிகள் தங்கி ஊழியம் செய்கிற இடம். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பழைய துணி சேர்க்கலாமா, நோட்டுப் புத்தகம் வாங்கலாமா, பிஸ்கட் எத்தனை பெட்டி என்று. நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆறு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்த பிறகு எனக்குப் புரிந்தது, தாராள மனசை அங்கே இருக்கிறவர்களிடம்தான் நாம் கற்றுக்கொண்டு வருகிறோம். அதற்கு இடம் விடுகிற மாதிரி பயணத்தைத் திட்டமிட வேண்டும். எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் போகிற இடம் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஜ்மஹால் மலை. சாஹிப்கஞ்ச், பாகூர், கொட்டா, தும்கா மாவட்டங்களில் பரந்து கிடக்கிற, அவ்வளவு உயரமில்லாத மலைத்தொடர். மேலே இருப்பவர்கள் சௌரியா பஹாடியா மக்கள், அவர்கள் மொழி மல்தோ. தமிழ்நாட்டிலிருந்து போன மிஷனரிக் குடும்பங்கள் அங்கே பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. நீங்கள் போவது வேறு தளமாக இருக்கலாம், ஆனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி எங்கேயும் பொருந்தும்.

முதல் படி: "வரலாமா?" என்று கேளுங்கள்

ஜனவரியில் போவதாக இருந்தால் ஜூன், ஜூலையிலேயே அங்கிருக்கும் மிஷனரிக் குடும்பத்துக்கு எழுதிவிட வேண்டும். "இந்தத் தேதியில் வருகிறோம்" என்று எழுதாதீர்கள். "நாங்கள் வந்தால் உங்களுக்கு உதவியா, பாரமா? எப்போது வரலாம், எத்தனை பேர் வரலாம்?" என்று கேட்டு எழுதுங்கள். பதில் "இந்த வருஷம் வேண்டாம்" என்று வந்தால் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. அந்த வருஷம் டிக்கெட் காசை அப்படியே அனுப்பிவிட்டோம். அவர்கள் அதில் பிள்ளைகள் தங்குகிற விடுதிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள்.

மழைக்காலத்தில் மலைப்பாதை சேறாகிவிடும், கோடையில் ஊற்றுகளில் தண்ணீர் குறைந்துவிடும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் தோதான காலம். ராத்திரியில் நல்ல குளிர் இருக்கும், நம் பக்கத்துப் பிள்ளைகள் அதற்குத் தயாராக வர வேண்டும்.

எத்தனை பேர்? எட்டு, மிஞ்சினால் பத்து. இதில் நான் பிடிவாதக்காரன், காரணம் தண்ணீர். மலை உச்சியில் இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் கீழே இருக்கும் ஊற்றிலிருந்துதான் வருகிறது, பெண்கள் தலையில் சுமந்து ஏற்றுகிறார்கள். நாம் குளிக்க, துவைக்க, கழிவறைக்கு என்று ஆளுக்கு மூன்று வாளி என்றாலே பத்துப் பேருக்கு ஒரு நாளைக்கு முப்பது வாளி. அந்த முப்பது வாளியை யார் தலை சுமக்கப் போகிறது? நாற்பது பேரோடு பஸ் பிடித்துப் போனால் அந்த ஊருக்கு நாமே ஒரு பஞ்சம். அதனால் எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு: நமக்கு வேண்டிய தண்ணீரை நாமே சுமக்கிறோம். முதல் நாள் இரண்டு குடம் சுமந்து ஏறியதும் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீர் தானாகவே அரை வாளியாகிவிடும்.

பணத்தை எப்படிச் சேர்ப்பது

என் பாட்டி உலை வைக்கும்போது அரிசியை அளந்து போட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கைப்பிடி திருப்பி எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. மாசக் கடைசியில் கோவிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தக் கை நின்றதில்லை. எங்களுக்கு அது சின்ன வயசில் ஒரு வழக்கமாக மட்டும் தெரிந்தது. எட்டுப் பேருக்கான சோற்றிலிருந்து எடுத்த அந்தப் பிடியில் எங்கள் ஒவ்வொருவருடைய பங்கும் கொஞ்சம் போயிருக்கிறது என்பது பின்னால்தான் உறைத்தது.

பயணத்துக்குப் பணம் சேர்க்கும்போது நான் இந்த முறையைத்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். அப்பாவிடம் வாங்கி மொத்தமாகக் கட்டாதீர்கள். ஆறு மாசம், தினமும் உங்களுக்கு வருகிறதிலிருந்து ஒரு பிடி. கல்லூரிக்குப் போகிறவன் சாயங்காலப் பஜ்ஜி டீயை விடலாம், வேலைக்குப் போகிறவள் புதுப் பண்டிகைச் சுடிதாரை ஒன்று குறைக்கலாம். தொகை சின்னதாக இருக்கட்டும், ஆனால் எடுத்த இடம் தெரிய வேண்டும். மோசேயின் நியாயப்பிரமாணத்திலேயே இது இருக்கிறது: வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது லேவியராகமம் 19. அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கொடுப்பது வேறு, அறுக்கும்போதே ஓரத்தை விட்டு அறுப்பது வேறு.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பயணச் செலவு என்பது நமக்காக நாம் செய்யும் செலவு. போக, வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கில் தலைக்கு 6,000 ரூபாய் ஆகிறது. பத்துப் பேர் என்றால் 60,000. அந்தப் பணத்தை அனுப்பினால் அங்கே எவ்வளவோ ஆகும். ஆகவே எங்கள் குழுவில் பயணத்துக்கு எவ்வளவு ஆகிறதோ, குறைந்தது அதே அளவு தொகையைத் தளத்தின் தேவைக்கும் சேர்க்கிறோம். அது சேராவிட்டால் ஆட்களைக் குறைக்கிறோம்.

மனசைத் தயார்ப்படுத்துவது

போவதற்கு முன்னால் ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு சாயங்காலம் உட்கார வேண்டும். இதைத் தவிர்க்கிற குழுவை நான் கூட்டிப்போவதில்லை.

என்ன படிப்பது? லேவியராகமம் 19, ரூத் 2, மாற்கு 12-இல் இரண்டு காசு போட்ட விதவை, 2 கொரிந்தியர் 8-இல் கொடிய தரித்திரத்திலும் வாரிக்கொடுத்த மக்கெதோனியா சபைகள். இவற்றுக்கெல்லாம் மேலாக 1 இராஜாக்கள் 17. சாறிபாத் விதவையிடம் எலியா போகிறார். அவளிடம் பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். தேவனுடைய ஊழியக்காரர் அங்கே வந்து நிற்பது கேட்கிறவராக, வாங்கிச் சாப்பிடுகிறவராக. மிஷன் பயணம் போகிற ஒவ்வொருவரும் இந்த அதிகாரத்தில் தாங்கள் யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்று யோசித்துவிட்டு வண்டி ஏறுவது நல்லது.

அப்புறம் பிஷப் வி. எஸ். அசரியாவைப் பற்றிப் படியுங்கள். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த நம் ஊர்க்காரர். 1902-இல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்து, மறுவருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்னக்கல்தான் அதன் பணித்தளம். 1909-இல் தாமே அங்கே போனார், 1912-இல் பிஷப் ஆனார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து அவர் சொன்னதை என் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: ஏழைகளுக்கு அன்னமளிக்க உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அன்றைக்கு நாம் வெள்ளைக்காரர்களிடம் கேட்டது இது. இன்றைக்கு மலைமேல் இருக்கிறவர்களுக்கு நாம்தான் வெளியாட்கள். கேள்வி இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

மொழி. இந்தி கொஞ்சம் தெரிந்தால் வழியில் உதவும். ஆனால் மல்தோவில் இருபது வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள், ஏனென்றால் அது நம் சொந்தம். மல்தோ ஒரு திராவிட மொழி. இவ்வளவு தூரம் வடக்கே, சுற்றிலும் இந்தியும் வங்காளமும் சந்தாலியும் பேசுகிற இடத்தில். "நீ" என்பதற்கு "நீன்". நம்மையும் எதிரில் இருக்கிறவரையும் சேர்த்துச் சொல்லும் "நாம்" என்பதற்கு அவர்களும் "நாம்" என்றுதான் சொல்கிறார்கள். முதல்முறை ஒரு பெரியவர் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

உடம்புக்கும் சட்டத்துக்கும்

சுருக்கமாகச் சொல்கிறேன். கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்னால் எல்லாரும் டாக்டரைப் பாருங்கள். அந்த மாவட்டங்களில் மலேரியா உண்டு, தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். காலா அசார் என்கிற கருங்காய்ச்சலும் அந்தப் பகுதியை வெகுகாலம் வாட்டியது, அதைப் பரப்புவது மணல் ஈ. மருந்து ஏற்றிய கொசுவலை, முழுக்கைச் சட்டை, தரையில் படுக்காமல் கட்டில், இவை மூன்றும் கட்டாயம். திரும்பி வந்து ஆறு மாசத்துக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே போய்வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நம் ஊரில் அவருக்குச் சந்தேகம் அந்தப் பக்கம் போகாது.

சட்டம். ஜார்க்கண்டில் 2017-இல் மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றுவது அங்கே தண்டனைக்குரிய குற்றம். நமக்கு இதில் பயப்பட ஒன்றும் இருக்கக் கூடாது, ஏனென்றால் கம்பளியைக் காட்டி விசுவாசத்தைக் கேட்பது சட்டம் இல்லாத ஊரிலும் பாவம். கொடுக்கிற இடத்தில் கூட்டம் நடத்தாதீர்கள். வாங்க வருகிறவரிடம் "ஜெபிக்கலாமா" என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அவரால் எப்படி மறுக்க முடியும்? யார் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள் என்று பார்த்துக் கொடுக்காதீர்கள். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார், திரும்பி வந்தவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தை அவர் திருப்பி வாங்கவில்லை.

எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது

முதல் பயணத்தில் நாங்கள் பதினாலு மூட்டை பழைய துணி கொண்டுபோனோம். சபை முழுக்க அறிவித்துச் சேர்த்தது. ஹவுராவில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி அடுத்த வண்டிக்கு ஏற்றுவதற்குள் பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். மலையடிவாரத்து ஊரில், விடுதிக்கு முன்னால் மூட்டைகளைப் பிரித்தோம். பத்து நிமிஷத்தில் நெருக்கடி. இரண்டு பெண்கள் ஒரு புடவையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அக்கா தங்கை முறையாம். ஒரு சின்னப் பையன் கையில் பொத்தான் எல்லாம் அறுந்த சட்டை. பட்டுப் பாவாடை, கிழிந்த ஜீன்ஸ், யாரோ போட்டுவிட்ட பள்ளிக்கூட டை. ஒரு பெரியவர் மட்டும் வேப்பமரத்துப் பக்கம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு வேட்டியை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ராத்திரி மிஷனரி ஐயா கோபப்படவில்லை, இவ்வளவுதான் சொன்னார்: "தம்பி, நாளைக்கு நான் இவங்க வீட்டுக்கெல்லாம் போகணும்."

அதற்குப் பிறகு பழைய துணி கொண்டுபோனதே இல்லை. நீங்களும் கொண்டுபோகாதீர்கள்.

தேவை என்ன என்று தளத்திலிருந்து பட்டியல் வாங்குங்கள். நாம் ஊகிக்கிற எதுவும் அதில் இருக்காது. எங்களுக்கு வந்த பட்டியலில் இருந்தவை: எழுத்துப் படிக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி இருபது, நகவெட்டி, விடுதிக்குப் பெரிய அலுமினியச் சட்டி இரண்டு, சூரிய விளக்கு, கம்பளி. கண்ணாடியும் நகவெட்டியும் பையில் போகும். கம்பளியையும் சட்டியையும் அங்கே பாகூர், பர்ஹர்வா கடைவீதியிலேயே வாங்கினோம். சுமக்கிற வேலை மிச்சம், அந்தக் குளிருக்கு ஏற்ற கனத்தில் கிடைக்கும், பணமும் அந்த ஊரிலேயே புழங்கும்.

உங்களுக்கென்று ஆளுக்கு ஒரே பை. இரண்டு மாற்றுத் துணி, கம்பளி, குல்லா, டார்ச், தட்டு, டம்ளர், கொசுவலை, மருந்துப் பொட்டலம், பைபிள், ஒரு நோட்டு. பை எடை மலை ஏறும்போதுதான் தெரியும். நொறுக்குத் தீனியை ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டாம், கொண்டுபோவதாக இருந்தால் எல்லாருக்கும் பங்கு போடுகிற அளவு கொண்டுபோங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்தபின்

முதல் நாள் எந்த வேலையும் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கை துறுதுறுவென்றிருக்கும், ரெண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள், உடனே எதையாவது செய்து காட்ட வேண்டும். வேண்டாம். ஊர்ப் பெரியவரைப் போய்ப் பாருங்கள், அவரை முறைப்படி கேட்டுவிட்டு ஊருக்குள் போங்கள், திண்ணையில் உட்காருங்கள், தெரிந்த இருபது வார்த்தையையும் பேசுங்கள். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நமக்கு அவர்கள் கற்றுக்கொடுக்கிற முதல் சந்தர்ப்பம் அது.

இரண்டாம் நாளிலிருந்து வேலை. எது வேலை என்று அங்கிருப்பவர்கள் சொல்ல வேண்டும். எங்களுக்கு வாய்த்தவை: ஊற்றைச் சுற்றிக் கல் அடுக்கிச் சேறு எடுத்தது, விடுதிக் கூரைக்கு ஓடு மாற்றியது, பிள்ளைகளின் படுக்கை எல்லாவற்றையும் வெயிலில் போட்டுத் துவைத்தது, ஒரு வயசான தம்பதிக்கு விறகு வெட்டி அடுக்கியது. பெரிய சாட்சி சொல்கிற அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் கேட்கப்பட்ட வேலைகள். ஒரு எச்சரிக்கை: அந்த வேலைக்குக் கூலி வாங்குகிற ஆள் ஊரில் இருந்தால், நாம் இலவசமாகச் செய்து அவர் பிழைப்பில் கைவைக்கக் கூடாது. ஓடு மாற்ற உள்ளூர்க் கொத்தனாரைத்தான் கூலிக்கு வைத்தோம், நம் பிள்ளைகள் அவருக்குக் கையாளாக நின்றார்கள். என்ஜினீயரிங் முடித்த பையன் ஒருவன் அவரிடம் திட்டு வாங்கி ஓடு அடுக்கக் கற்றுக்கொண்டது அவனுக்கு ரொம்ப நல்லது செய்தது.

மருத்துவ முகாம் வைக்க ஆசைப்படுவீர்கள். பதிவு பெற்ற டாக்டர் இல்லாமல், நாம் போனபின் அந்த நோயாளியைத் தொடர்ந்து பார்க்க ஆளில்லாமல் அதைத் தொடாதீர்கள். ஒரு வார இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவது யாருக்கு நன்மை?

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். விடுதிப் பிள்ளையோடு பெரியவர் யாரும் தனியாக அறைக்குள் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். மிட்டாயை வீசி எறிந்து ஓடவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. "மறுபடி வருவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அவர்கள் நிஜமாகவே காத்திருப்பார்கள்.

போட்டோ. கொடுக்கிற கையையும் வாங்குகிற கையையும் ஒரே படத்தில் எடுக்காதீர்கள், இவ்வளவுதான் சட்டம். வலதுகை செய்கிறது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று சொன்ன ஆண்டவரை வைத்துக்கொண்டு அதை ஸ்டேட்டஸில் போடுவது நியாயமில்லை. குழுவில் ஒரே ஒருவரிடம் போன் இருக்கட்டும், அதுவும் வீட்டுக்குத் தகவல் சொல்ல.

வாங்கக் கற்றுக்கொள்வது

இதுதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி, அதனால் ஒரு நாளின் கதையையே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது பயணம். மேலே ஓர் ஊரில் ஒரு பாட்டி எங்களில் நாலு பேரை வீட்டுக்குள் கூப்பிட்டாள். மண்சுவர், ஒரே அறை, நடுவில் அடுப்பு. கூரை மூங்கிலிலிருந்து அடுப்புக்கு நேர் மேலே மக்காச்சோளக் கதிர்கள் தோகையோடு தோகை முடிந்து தொங்கின, புகை பிடித்துக் கறுத்திருந்தன. பாட்டி எம்பி இரண்டு கதிரை உருவினாள், மணியை உதிர்த்தாள், சட்டியில் மணலைச் சூடாக்கி வறுத்தாள். மணி வெடிக்கிற சத்தத்துக்கு அவள் பேரன் ஓடி வந்து நின்றான். அவள் அவனுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் நாலு பேர் கையிலும் தேக்கிலையில் வைத்துக் கொடுத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். கூட வந்த மிஷனரி அக்கா மெல்லத் தமிழில் சொன்னார்கள்: "அது விதைக்கு வச்சிருக்கிற கதிரு."

எங்கள் குழுவில் ஒரு பெண், நர்ஸிங் படித்தவள், அவளால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்துப் பாட்டி கையில் வைக்கப் போனாள். பாட்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. அக்கா ஏதோ மல்தோவில் சொல்லிச் சமாளித்தார்கள். வெளியே வந்தபின் அந்தப் பெண் அழுதாள். "நான் தப்பா ஒண்ணும் நினைக்கலையே அக்கா." அக்கா சொன்னார்கள், "நீ விலை கேட்டதா அவங்களுக்குப் பட்டிருக்கும்மா. அவங்க உனக்கு விருந்து வச்சாங்க."

மறுநாள் அவள் தானாகவே அந்த வீட்டுக்குப் போனாள். பணம் எடுத்துப் போகவில்லை. முற்றத்தில் பர்பட்டி என்கிற பயற்று நெற்று குவிந்து கிடந்தது, அந்த மலையின் முக்கியமான விளைச்சல் அது. சாயங்காலம் வரைக்கும் பாட்டியோடு உட்கார்ந்து உடைத்தாள். நாங்கள் போய்க் கூப்பிட்டபோது பேரன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆகவே: கொடுத்ததைச் சாப்பிடுங்கள். குறைவாக எடுத்துக்கொள்ளலாம், "வயிறு சரியில்லை" என்று முகம் சுளிக்கக் கூடாது. சாப்பிட்ட உடனே பணம் நீட்டாதீர்கள். "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்ற வசனத்தை நாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பாக்கியத்தை அவர்களுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாமா?

கொண்டுபோன தொகையைக் கொடுப்பது

தனித்தனியாக யாரும் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை என்று கிளம்பும் முன்னால் நம் ஊரிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் வந்தால், நாம் ரயில் ஏறியபின் அந்தச் சண்டை அங்கேயே நிற்கும். தொகையை உள்ளூர்ச் சபையின் பெரியவர்களும் மிஷனரியும் உட்கார்ந்து இருக்கிற இடத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். எதற்குச் செலவழிப்பது என்று அவர்கள் பேசட்டும். நமக்குப் பிடித்ததற்குத்தான் செலவாக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள், அதுவும் ஒருவகை அதிகாரம்தான். ஒரு வருஷம் நாங்கள் நூலகம் நினைத்துக்கொண்டு போனோம். அவர்கள் விதைத் தானியம் வாங்கி ஊருக்குப் பொதுவாக வைத்தார்கள். விதைப்புக் காலத்தில் மகாஜன் என்கிற வட்டிக்காரரிடம் விதைக்குக் கடன் வாங்கி, விளைந்ததும் பாதியைத் தூக்கிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் யோசனை. எங்களுக்கு அது தோன்றியிருக்காது.

ஹவுரா ஸ்டேஷனில் கை நீட்டுகிறவர்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கையில் சாப்பாடு இருந்தால் பங்கு கொடுங்கள், நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒன்றும் இல்லையென்றால் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள்.

ராத்திரி நேரம்

சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் வட்டமாக உட்காருங்கள். ஒரே கேள்வி: இன்றைக்கு யாரிடமிருந்து எதை வாங்கினேன்? என்ன செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. முதல் ராத்திரி எல்லாரும் விழிப்பார்கள். நாலாம் ராத்திரி பேச்சை நிறுத்த முடியாது. ஒருவன் வழி காட்டிய சிறுவனைச் சொல்வான், ஒருத்தி தலையில் குடம் வைக்கத் துணியைச் சுருட்டிச் சும்மாடு செய்து கொடுத்த பெண்ணைச் சொல்வாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பேர் போட்டு. அந்தப் பேர்களைச் சொல்லி ஜெபியுங்கள்.

திரும்பி வந்தபின்

சபையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். "பாவம், ஒண்ணுமே இல்லாம இருக்காங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே பார்த்த ஒருவருடைய நற்குணத்தைச் சொல்லுங்கள். அந்த ஆள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசினால் வார்த்தை தானாகச் சரியாக வரும். வரவு செலவை ரூபாய் சுத்தமாக வாசியுங்கள்.

அந்த ஒரு பிடியை நிறுத்தாதீர்கள். பயணம் முடிந்ததும் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள், இது எனக்கு உள்ளபடியே வருத்தம். எங்கள் குழுவில் மாசம் முதல் ஞாயிறு டப்பாக்களைக் கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டி எண்ணுகிறோம். அதில் ஒரு பங்கு மலைக்கு, ஒரு பங்கு நம் ஊரில் தேவைப்படுகிறவருக்கு.

நம் ஊரில் யார்? இதற்குப் பதில் எங்களுக்குப் போன வருஷம் கிடைத்தது. எங்கள் கோவிலுக்கு அடுத்த தெருவில் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, வடக்கேயிருந்து வந்த பையன்கள் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்கிறார்கள். தினமும் அந்த வழியாகத்தான் கோவிலுக்குப் போகிறோம், ஒருநாளும் நின்றதில்லை. பயணம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸிங் படித்த அந்தப் பெண் நின்று ஊர் கேட்டாள். ஒரு பையன் "சாஹிப்கஞ்ச்" என்றான். அவள் தனக்குத் தெரிந்த மல்தோவில் நாலு வார்த்தை பேசினாள். அவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினான். இருந்த ஒரே எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தான், நாலு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

இப்போது ஞாயிறு மத்தியானம் அவர்களில் சிலர் எங்கள் வீடுகளில் சாப்பிடுகிறார்கள், சில ஞாயிறு நாங்கள் கொட்டகையில் சாப்பிடுகிறோம். வருகிற ஜனவரியில் மறுபடி மலைக்குப் போகிறோம். அவன் தன் அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கி வைத்திருக்கிறான், சம்பளத்தில் மிச்சம் பிடித்து. கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டான். ஆளுக்கு ஒரே பை என்ற சட்டம் இருந்தாலும், அந்தப் போர்வைக்கு என் பையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.